பெட்டியும் நிறையும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் வழங்குவது எம்மவர் மரபு. சூரியன் படுகின்ற கரை ஒன்று. எழுகின்ற கரை மற்றொன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பைக் கடப்பதற்குப் பாலங்கள் அரிதாயிருந்த காலத்தில், இவ்விரு கரைகளுக்குமிடையே மனிதரைக் காட்டிலும் மிகுதியாகப் பயணஞ் செய்தவை பொதிகளே எனலாம். நெல் மூட்டையும் தயிர்ச் சட்டியும் விறகுக் கட்டும் கிழக்கே வந்தன. சீலைத்துணியும் மண்ணெண்ணெயும் உப்பும் மேற்கே போயின. கல்லடியில் 1924ஆம் ஆண்டிலேயே பாலம் அமைந்துவிட்டது. மண்முனைத் துறைக்கோ 2014ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே நெடுங்காலமாக ஓடமே பாலம்.

அவ்வோடத்துறைகளில் நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். ஓடக்காரர் ஏறுகின்ற ஆளைப் பார்ப்பதில்லை. ஆள் கொண்டுவருகின்ற மூட்டையையே பார்ப்பார். மூட்டை அணியத்திலா, நடுவிலா, பின்புறத்திலா வைக்கப்பட வேண்டும் என்பதை அவர் கண்களாலேயே நிறுத்து முடிவு செய்வார். மூட்டைக்கு இடம் ஒதுக்கிய பின்னரே ஆளுக்கு இடம். ஊர்ப் பெரிய மனிதராயினும், "நீங்க அங்கால இரிங்க" என்று அவர் சொன்னால் எழுந்து மாறியிருக்க வேண்டியதுதான். நீரில் மிதப்பதற்கும் காற்றில் மிதப்பதற்கும் இவ்வகையில் வேறுபாடு அதிகமில்லை. விமானமொன்று தரையை விட்டெழுமுன், எவ்வளவு எரிபொருள், எத்தனை பேர், முன்னறையில் எத்தனை கிலோகிராம் பெட்டிகள், பின்னறையில் எத்தனை என்றெல்லாம் கணக்கிட்டுப் புவியீர்ப்பு மையம் உரிய எல்லைக்குள் அமைந்துள்ளதைக் காட்டும் தாளொன்று விமானியின் கைக்குப் போகின்றது. சிறு விமானங்களாயின் பயணியின் உடலே தராசில் ஏறவேண்டி நேரும். 1958இல் அமைக்கப்பட்டு, 1983இல் விமானப்படையின் பொறுப்பிற் சென்று, 2018இல் மீண்டும் உள்நாட்டுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட எமது மட்டக்களப்பு விமான நிலையத்துக்கு வந்துபோவன இத்தகைய சிறு விமானங்களே. அங்கு பெட்டியும் மனிதரும் ஒரே கணக்கில் வருவர். ஓடக்காரருக்கு இதில் வியப்பேதும் இராது.

ஆனால் எம்மூரவருக்கு ஆகாயப் பயணம் என்றால் அது கட்டுநாயக்காவே. மட்டக்களப்பு விமான நிலையத்துக்கும் பீ.ரீ.சீ. என்ற மூன்றெழுத்துக் குறி உலக ஏட்டில் உண்டு. எனினும் வளைகுடா நாடுகளிலிருந்து எம்மவர் கொண்டுவரும் பெட்டிகளின் கழுத்தில் தொங்குவது எப்போதும் கொழும்பைக் குறிக்கும் சீ.எம்.பீ. தான். கொழும்பிலிருந்து ஊருக்கு வரும் மிச்ச வழி அந்தச் சீட்டில் இல்லை.

1977இன் பின்னர் நாட்டின் பொருளாதாரக் கதவுகள் திறந்தபோது, அக்கதவு வழியே வெளியேறியோரில் பெரும்பகுதியினர் ஏழைப் பெண்கள் என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தோன்றுவதற்கு முன்பே எமது கிராமங்களிலிருந்து பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கிவிட்டனர். அவர்கள் போகும்போது கொண்டுசென்ற பை சிறியது. உடுபுடவை நாலைந்து, கோடாலித் தைலம் ஒரு போத்தல், மிளகாய்த்தூள், கூனி இறால் கருவாடு, சாமி படம் அல்லது துஆப் புத்தகம். 20 கிலோகிராம் அனுமதிக்கப்பட்டிருந்தும் பத்தைக்கூட அது எட்டாது. திரும்பி வரும்போதோ நிலைமை தலைகீழ். கம்பளிப் போர்வை, துவாய், சவர்க்காரம், பால்மா, வாசனைத் திரவியம், பிள்ளைகளுக்குச் சப்பாத்து, பொருத்தமான அளவு தெரியாமையால் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு. இரண்டு ஆண்டு உழைப்பையும் ஒரு காட்போட் பெட்டிக்குள் அடக்க வேண்டும். அதுவும் தராசு முள் சொல்லுகிற எல்லைக்குள் அடக்க வேண்டும்.

சூட்கேசுக்குச் சில்லுப் பூட்டும் உரிமத்தை அமெரிக்கரான பேர்னாட் சடோ பெற்றது 1972இல். விமானியாகிய றொபேட் பிளாத் இன்று நாம் காணும் நிமிர்ந்த இழுவைப்பெட்டியை ஆக்கியது 1987இல். சந்திரனில் மனிதன் கால்வைத்த பின்னரே பெட்டிக்குச் சில்லு வந்தது என்று மேனாட்டார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எம்மூர்ப் பெண்களின் பெட்டிகளுக்கு அதன் பின்னரும் வெகுகாலம் சில்லு வரவில்லை. கயிறுதான் வந்தது. அக்கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விடுமுறையில் வந்து திரும்பும் பெண்ணின் பெட்டியை அண்ணனோ தம்பியோ கட்டிக் கொடுப்பான். அவன் வாவியில் வலை போடுபவனாக இருந்தால், வலைக்கயிற்றினால் வலைக்காரர் முடிச்சுப் போட்டே கட்டுவான். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. அவிழ்க்கத் தெரிந்தவன் ஒரு நுனியைச் சுண்டினால் அவிழும். தெரியாதவன் கத்திதான் எடுக்க வேண்டும். பெட்டி பூட்டில்லாமலே பூட்டப்பட்டிருந்தது.

என் சின்னம்மா 1987இல் றியாத்துக்குப் போனார். ஒப்பந்தத்தை இருமுறை புதுப்பித்துக்கொண்டு இடையில் ஒரேயொரு தடவை வந்துபோனவர், 1996இல் ஒரேயடியாகத் திரும்பினார். அவரை அழைத்துவரச் சென்றவன் நான். வெளிவாயிலில் நான்கு மணி நேரம் நின்றேன். அவருடைய விமானத்தில் வந்தோர் யாவரும் தள்ளுவண்டிகளோடு போய் முடிந்தபின், கைப்பையும் ஒரு தாளுமாக அவர் தனியே வந்தார். பெட்டி வரவில்லை.

பெட்டியொன்று வராமற் போவதற்கான காரணங்கள் மர்மமானவையல்ல. பயணி பெட்டியை ஒப்படைத்ததும் அதன் கழுத்தில் ஓர் அடையாளச் சீட்டு ஏறுகின்றது. அச்சீட்டிலுள்ள பத்து இலக்கங்களில் முதலாவதை அடுத்துவரும் மூன்றும் எந்த நிறுவனம் என்பதையும் இறுதி ஆறும் எந்தப் பெட்டி என்பதையும் சொல்லும். பட்டைக் குறியீட்டைக் கிடையாகவும் நெடுக்காகவும் இருமுறை அச்சிட்டிருப்பார்கள். பெட்டி எப்படிக் கிடந்தாலும் ஒளிக்கதிர் ஒன்றையாவது படித்துவிட வேண்டுமென்பதற்காக. பின்னர் ஓடுபட்டி, ஊடுகதிர்ச் சோதனை, தரம்பிரிக்கும் இயந்திரம், இழுவண்டி, விமானத்தின் வயிறு. ஒரே விமானத்தில் நேரே வரும் பெட்டி பெரும்பாலும் தப்பிவிடும். இடைவழியில் விமானம் மாறும்போதுதான் ஆபத்து. முதல் விமானம் ஒரு மணி நேரம் பிந்தினால், பயணி ஓடிப்போய் அடுத்ததைப் பிடித்துவிடுவார். பெட்டியால் ஓட முடியாது. பெட்டிகள் பிந்துவதற்கும் திசைமாறுவதற்கும் முதன்மைக் காரணம் இன்றும் இந்த இடைமாற்றமே என்பதை சீட்டா என்ற விமானத் தொடர்பாடல் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகள் காட்டுகின்றன. 2007இல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் தவறின. 2023இல் அது 7 என்ற அளவுக்குக் குறைந்தது. 2018 ஜூன் தொடக்கம் பெட்டி கைமாறும் நான்கு இடங்களிலும் அதனைப் பதிந்துகொள்ள வேண்டுமென்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் விதித்ததும் இதற்கு உதவியது.

இயந்திரத்தை மட்டும் நம்பினால் என்னாகும் என்பதற்கு அமெரிக்காவின் டென்வர் நகரம் சாட்சி. அங்கு பெட்டிகளைத் தானாகவே கொண்டுசெல்லும் மாபெரும் அமைப்பொன்றை நிறுவ முயன்று, பெட்டிகள் கிழிந்தும் சிதறியும் போக, விமான நிலையத்தின் திறப்பே 16 மாதங்கள் பிந்தி 1995இல் நடந்தது. 2005இல் அவ்வமைப்பைக் கைவிட்டனர். பெட்டி தூக்கும் மனிதர்கள் மீண்டும் வந்தார்கள்.

சின்னம்மாவின் பெட்டியும் இடைமாற்றத்தில்தான் தங்கிவிட்டது. எந்த நிலையம், எந்த நிறுவனம் என்பவற்றை இங்கே சொல்வதாற் பயனில்லை. நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு விடுதியில் பொலிஸ் பதிவோடு தங்கினோம். மறுநாள் அந்நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனோம். மேசையிலிருந்த அலுவலர் நல்லவர். எம்மை இருத்தி, பெட்டிகளின் படங்கள் அச்சிட்ட அட்டையொன்றைக் காட்டி, எது உங்களுடையது என்று கேட்டார். தோற்பெட்டி, துணிப்பெட்டி, சில்லுப்பெட்டி என்று பலவகை. கயிறு கட்டிய காட்போட் பெட்டி கடைசி வரிசையில் இருந்தது. பிறகு, உள்ளேயிருந்த பொருள்களையும் அவற்றின் பெறுமதியையும் சொல்லச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன்.

கம்பளிப் போர்வை இரண்டு. விலை சொன்னார். துவாய் ஆறு. சொன்னார். பால்மா, சீலை, மகளின் கலியாணத்துக்கென்று வாங்கிய சட்டித் தொகுதி, கசற் போடும் றேடியோ. ஒன்பது ஆண்டுகளாக எதையும் இரண்டாம் முறை விலை கேட்காமல் வாங்காதவர் அவர். றியால் கணக்கு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பின்னர், கசற் 14 என்றார். பாட்டுக் கசற்றா என்று அலுவலர் கேட்டார். இல்லை, கதைச்சது என்றார்.

எழுதப் படிக்க அதிகம் அறியாத குடும்பங்களில் அந்நாளிற் கடிதத்தின் இடத்தைக் கசற் பிடித்திருந்ததை இளைய வாசகர்கள் அறியமாட்டார்கள். வீட்டிலுள்ளோர் யாவரும் றேடியோவைச் சுற்றியிருந்து பேசுவார்கள். ஊருக்கு வந்து திரும்பும் யாரேனும் ஒருத்தியின் கையில் அதனைக் கொடுத்தனுப்புவார்கள். அங்கிருந்து மறுமொழியும் அவ்வாறே வரும். அந்தப் பதினான்கில் மிகுதியானவற்றிற் பேசியிருந்தவர் என் அம்மம்மா. அவர் 1993இல் இறந்தார். சின்னம்மாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை.

என்ன பெறுமதி போடுவது என்று அலுவலர் மறுபடியும் கேட்டார். சின்னம்மா என்னைப் பார்த்து, "எனக்கு மத்தது ஒண்டும் வேணாம் மனே. கசற்ற மட்டும் தேடித் தரச்சொல்லு" என்றார். நான் அதை எப்படியோ ஆங்கிலத்திற் சொன்னேன். அவர் சற்று நேரம் எழுதுகோலைக் கையில் வைத்திருந்துவிட்டு, 'பாவித்த கசற் 14' என்றெழுதி, விலைக்குரிய கட்டத்தில் ஒரு கோடு கீறினார். அவரைக் குறைசொல்ல எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. வேறென்ன எழுதியிருக்க முடியும்?

அன்றிரவு விடுதியில், சின்னம்மாவின் பயணச்சீட்டுப் புத்தகத்தின் பின்புறத்தில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்ததை வாசித்தேன். அதுகாறும் பயணச்சீட்டின் பின்புறத்தை வாசிக்கும் வழக்கம் எனக்கில்லை. எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. 1929ஆம் ஆண்டின் வார்சோ சமவாயத்தின்படி, ஒப்படைத்த பெட்டி தொலைந்தால் நிறுவனத்தின் பொறுப்பு கிலோகிராமுக்கு 250 பொற் பிராங்கு என்ற எல்லையைத் தாண்டாது. அச்சீட்டு அதனை ஏறத்தாழ 20 அமெரிக்க டொலர் என்று கூறியது. உள்ளே என்ன இருந்தது என்பது சட்டத்துக்குப் பொருட்டன்று. எவ்வளவு நிறை என்பதே பொருட்டு. பதினான்கு கசற்றுகளும் சேர்ந்து ஒரு கிலோகிராம் என்று தாராளமாகக் கொண்டாலும், அம்மம்மாவின் குரலுக்கு 20 டொலர். அதே பெட்டியிலிருந்த கம்பளிப் போர்வைகள் நிறை கூடியவை. ஆகவே சட்டத்தின் தராசில் அவை அம்மம்மாவை விடப் பெறுமதி மிக்கவை.

இதிற் சினங்கொள்ள வேண்டுமா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. 1929இல் விமானத்துறை குழந்தை. ஒரு விபத்திலேயே நிறுவனம் அழிந்துவிடும் என்ற அச்சத்தில் எல்லை வகுத்தார்கள். பொதி நிறுக்கக்கூடியது, நினைவு நிறுக்கக்கூடியதன்று. நிறுக்கக்கூடியதைக் கொண்டு சட்டமியற்றினார்கள். நெல்லுக்கு அது பொருந்தும். எமது ஓடத்துறைகளிலும் மூட்டை கவிழ்ந்தால் நெல்லின் அளவு பார்த்தே நியாயம் பேசினார்கள். ஆயினும் ஓடக்காரருக்கு அந்த மூட்டை யாருடையது, எந்த வயலில் விளைந்தது, எதற்காகப் போகிறது என்பதெல்லாம் தெரிந்திருந்தது. கிலோகிராமுக்கு இவ்வளவு என்னும் விதி, ஒருவரையொருவர் அறியாதவர்களுக்காகவே ஆக்கப்பட்டது.

நான்காம் நாள் பெட்டி வந்து சேர்ந்தது. ஒரு மூலை நசுங்கி, ஒரு பக்கம் ஈரம்பட்டு ஊறியிருந்தது. மேலே மூன்று நிறங்களிற் சீட்டுகள். எமது மாமன் இரண்டாம் பயணத்தின்போது கொடுத்துவிட்ட வலைக்கயிறுதான் அதைக் கட்டியிருந்தது. முடிச்சுகள் ஒன்றும் அவிழவில்லை. கசற்றுகள் யாவும் இருந்தன.

கட்டுநாயக்காவுக்கும் ஊருக்கும் இடைப்பட்ட வழியில் அந்நாளிற் பெட்டிகளுக்கு நேர்ந்தது வேறொரு அத்தியாயம். சீ.எம்.பீ. சீட்டு அவ்வழிக்குச் செல்லாது. போர்க்காலம், சாவடிக்குச் சாவடி பஸ்ஸிலிருந்து இறங்கிப் பொதியைத் தூக்கிக்கொண்டு நடந்து, மேசையில் வைத்துத் திறந்துகாட்டி, மறுபடி கட்டி, அப்பால் நிற்கும் பஸ்ஸில் ஏறவேண்டும். ஓரிடத்தில் கசற்றுகளைக் கண்டதும் சிப்பாயொருவர் எங்களை நிறுத்திவைத்தார். என்னவென்று கேட்டார். சின்னம்மாவின் றேடியோவிலேயே ஒன்றைப் போடச் சொன்னார். "மகள், சாப்பிட்டியா? இஞ்ச மழ பிந்திப்போச்சு. சிவப்பி கண்டு போட்டிருக்கு" என்று அம்மம்மா பேசினார். சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. அவர் ஒரு நிமிடம் கேட்டார். பின்பு, அம்மாவா என்று சிங்களத்திற் கேட்டு, சின்னம்மா தலையசைக்க, தாமே அதை வெளியே எடுத்து உறையிலிட்டுக் கொடுத்தார். மற்றவற்றை அவர் போட்டுப் பார்க்கவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் இறந்தவர் என்பதை நாங்களும் சொல்லவில்லை.

வார்சோவின் இடத்தை 1999ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயம் இன்று பெரிதும் பிடித்துக்கொண்டுள்ளது. 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அது, பெட்டிக்குக் கிலோகிராம் கணக்கை ஒழித்து ஆள் கணக்கைக் கொண்டுவந்தது. ஒரு பயணிக்கு 1,000 சிறப்பு எடுப்பனவு உரிமை என்று தொடங்கிய எல்லை, 2024 டிசம்பர் 28 முதல் 1,519 ஆக உயர்ந்துள்ளது. அமெரிக்க நாணயத்தில் ஏறத்தாழ 2,000 டொலர். இலங்கையும் இதில் இணைந்துள்ளது. காட்போட் பெட்டிக்காரிக்கும் தோற்பெட்டிக்காரருக்கும் ஒரே எல்லை என்பது சிறிய முன்னேற்றமன்று. 21 நாள்கள் கழிந்தும் பெட்டி வராவிடின் அது தொலைந்ததாகவே கொள்ளப்படும். சேதமாயின் 7 நாள்களுக்குள்ளும், பிந்தி வந்தால் வந்ததிலிருந்து 21 நாள்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். கூடுதல் பெறுமதியை முன்கூட்டியே அறிவித்து மேலதிகக் கட்டணஞ் செலுத்தும் ஏற்பாடும் உண்டு. ஆனால் எழுத்தில் முறையிடு என்ற இடத்திலேயே எமது பெண்களிற் பலர் நின்றுவிடுகின்றனர். தாள் கொடுக்கப்படும் மொழியும் அவர்கள் கதைக்கும் மொழியும் ஒன்றல்ல. உரிமை இருப்பது தெரியாமலே, வந்ததைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவோர் இன்றும் உளர். எமது பல்கலைக்கழகத்து மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, ஒரு பெண்ணுக்காவது அந்த 7, 21 என்ற இரண்டு எண்களைச் சொல்லிவைத்தால் நன்று. விலை போடமுடியாததைக் கைப்பையில் வைத்துக்கொள்ளும்படியும் சொல்லுங்கள்.

பெட்டியைத் தூக்குபவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடித்தல் தகாது. ஒரு பெட்டி 32 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்று விமான நிறுவனங்கள் பொதுவாக வைத்துள்ள எல்லை, விமானத்தின் வலிமையைக் கருதியதன்று; தூக்குகின்ற மனிதனின் முதுகைக் கருதியது. எத்தனை ஓடுபட்டிகள் வந்தபோதும், கடைசியில் ஒருவன் குனிந்து ஒரு பெட்டியை மற்றொன்றின்மேல் வைக்கவே வேண்டியுள்ளது. எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த இளைஞனொருவன் வளைகுடா விமான நிலையமொன்றில் இவ்வேலையைச் செய்கிறான். கடந்த ஆண்டு விடுமுறையில் வந்தபோது அவனோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். பெரிய விமானங்களுக்குப் பெட்டிகளைக் கொள்கலன்களில் அடைத்து இயந்திரத்தால் ஏற்றுவார்களாம். சிறிய விமானங்களில் ஒவ்வொன்றாகக் கையால் அடுக்க வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. முழங்காலில் நின்றபடிதான் வேலை. கோடையில் அந்த வயிற்றுக்குள் இருக்கும் வெக்கையை அவன் சொற்களாற் சொல்ல முயன்று, பின்னர் விட்டுவிட்டான். முழங்கால்களைக் காட்டினான், இரண்டும் கறுத்துத் தடித்திருந்தன.

எங்கள் ஊர்ப் பெட்டிகளைக் காண்பதுண்டா என்று கேட்டேன்.

"காணுவன் சேர். பெரிய எழுத்தில மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை எண்டு தமிழிலயே எழுதியிருப்பாங்க. கயிறு கட்டின கட்டிலயே எனக்கு விளங்கிரும்."

கண்டால் என்ன செய்வாய் என்றேன்.

அவன் சிரித்தான். "என்ன செய்யிற சேர்? பின்னால இன்னும் நூறு பெட்டி பட்டியில வந்துகொண்டிருக்கும். பிளேன் வெளிக்கிட நாப்பது நிமிசந்தான். அடியில வெக்காம மேல வெப்பன், அவ்வளவுதான்."

அடுத்த கிழமை அவன் திரும்பிப் போனான். அனுமதி 30 கிலோகிராம். அவனுடைய தாய் கட்டிவைத்த கூனிப் பொதியும் அரிசிமாவும் சேர்ந்து 34 வந்தன. சந்திக் கடைத் தராசில் மூன்று முறை நிறுத்து, நாலு கிலோகிராம் அரிசிமாவை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கட்டினார்கள்.